வெளிநாட்டு ரோமிங்கில் எஸ்எம்எஸ் கட்டணம்: சேலத்திலிருந்து முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ முதல் முறை கிளம்புகிறவர்கள் ரீசார்ஜ் கடைக்கு வந்தால் நெட் பேக் பற்றி நாலு தடவை கேட்பார்கள். கால் கட்டணம் பற்றி ரெண்டு தடவை கேட்பார்கள். எஸ்எம்எஸ் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நாமே எடுத்துச் சொன்னாலும், "இப்ப யாருங்கண்ணா எஸ்எம்எஸ் அனுப்புறாங்க, எல்லாம் வாட்ஸ்அப்தானே" என்று பதில் வரும். அப்புறம் ஒரு வாரம் கழித்து வீட்டிலிருந்து யாராவது கடைக்கு வந்து, "பையன் போன்ல பேலன்ஸ் தானா குறையுதாம், என்னன்னு பாருங்க" என்பார்கள். எடுத்துப் பார்த்தால் எஸ்எம்எஸ்ஸாகத்தான் போயிருக்கும். அதுவும் பையன் கையால் அனுப்பியதாக இருக்காது, போனே அனுப்பியதாக இருக்கும்.

சேலம் ஐந்து ரோடு பக்கம் கடையில் உட்கார்ந்துகொண்டு இதையே தினமும் சொல்லிக்கொண்டிருப்பதால், ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். எஸ்எம்எஸ்ஸுக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது, அதை அனுப்பும் நேரத்தில் உங்கள் போன் எந்த நாட்டு டவரில் நிற்கிறது என்பதுதான். யாருக்கு அனுப்புகிறீர்கள், பேக்கில் எத்தனை எஸ்எம்எஸ் மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் எது ரோமிங் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரோமிங் என்றால் உங்கள் சிம் அதன் சொந்த எல்லையை விட்டு வெளியே போய் வேறு டவரைப் பிடித்து ஓடுவது. சங்ககிரி லாரி டிரைவர்களைக் கேட்டால் பழைய காலத்துக் கதை சொல்வார்கள். ஓசூர் தாண்டினாலே போனை எடுக்கப் பயம், வந்த காலை எடுத்தாலும் காசு போகும். 2013 ஜூலையில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) ஒரு உச்சவரம்பு வைத்தது: ரோமிங்கில் லோக்கல் எஸ்எம்எஸ்ஸுக்கு 1 ரூபாய், எஸ்டிடி (வெளியூர்) எஸ்எம்எஸ்ஸுக்கு 1.50 ரூபாய். 2015 மே மாதம் அதையும் குறைத்து 25 பைசா, 38 பைசா என்று ஆக்கினார்கள். அதே ஆண்டு ஜூனில் பிஎஸ்என்எல் ரோமிங்கில் இன்கமிங் காலை இலவசமாக்கியது. 2016-ல் ரோமிங் கட்டணமே இல்லாமல் ஜியோ வந்தது, 2017-ல் மற்ற நிறுவனங்களும் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டன. இன்றைக்கு மேட்டூரைத் தாண்டி கொளத்தூர், பாலாறு பக்கம் போய் போன் கர்நாடகா டவரைப் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. உங்கள் பேக்கில் உள்ள தினசரி 100 எஸ்எம்எஸ் இந்தியா முழுக்கச் செல்லும். பேக் எதுவும் போடாமல் வெறும் பேலன்ஸில் ஓட்டுகிறவர்கள் மட்டும் தங்கள் பிளானில் என்ன கட்டணம் என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும்.

ஆக, உள்நாட்டுக்கு இதோடு சரி. கதை மாறுவது வேறு நாட்டு டவரில்.

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், பேத்தி மலேசியா போகிறாள். "தம்பி, தினம் நூறு எஸ்எம்எஸ் சும்மா கிடக்குதே, அதை அங்க போய் அனுப்பக்கூடாதுங்களா?" என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த நூறும் இந்திய டவரில் நிற்கும்போது மட்டும்தான். மலேசியாவில் இறங்கியதும் அந்த நூறு அப்படியே கிடக்கும், தொட முடியாது. அங்கிருந்து அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் தனி ரேட். ஒன்று ரோமிங் பேக்கில் இருந்து கழியும், இல்லையென்றால் மெயின் பேலன்ஸில் இருந்து கழியும்.

நாட்டை விட்டுப் போகாமலே இந்த வலையில் மாட்டுகிறவர்களும் உண்டு. ராமேஸ்வரம் போய்விட்டு அப்படியே தனுஷ்கோடி வரை போனால், சில இடங்களில் போன் இலங்கை டவரைப் பிடித்து "இலங்கைக்கு வரவேற்கிறோம்" என்று மெசேஜ் வரும். உங்கள் எண்ணில் சர்வதேச ரோமிங் திறந்திருந்தால் அங்கே நின்று அனுப்பும் எஸ்எம்எஸ்ஸும் வெளிநாட்டுக் கணக்குதான். சிங்கப்பூரில் வடக்கே உட்லண்ட்ஸ் பக்கம் தங்குகிறவர்களுக்கு இதே தொல்லை, அங்கே ஜலசந்திக்கு அந்தப் பக்கம் மலேசியா. இப்படிப்பட்ட இடங்களில் போன் செட்டிங்கில் நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்' என்பதிலிருந்து மாற்றி, வேண்டிய நிறுவனத்தை நாமே தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது.

மெசேஜ் எந்த வழியாகப் போகிறது

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பில் ஏன் அப்படி வருகிறது என்பது இதில்தான் இருக்கிறது.

உங்கள் சிம்மில் ஒரு எண் பதிந்திருக்கும். எஸ்எம்எஸ் மையத்தின் எண் அது. நமது சிம் என்றால் +91-ல் தொடங்கும். நீங்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் உங்கள் எஸ்எம்எஸ் முதலில் அந்த மையத்துக்குத்தான் போகும். சிங்கப்பூரில் ஒரே ரூமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் நண்பனின் சிங்கப்பூர் எண்ணுக்கு உங்கள் இந்திய சிம்மிலிருந்து "லைட்டை ஆஃப் பண்ணு" என்று அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அது அந்த ஊர் டவருக்குப் போய், அங்கிருந்து இந்தியாவில் உள்ள மையத்துக்கு வந்து, திரும்ப சிங்கப்பூர் போய் அவன் போனில் விழும். பக்கத்துக் கட்டில்தானே என்று லோக்கல் ரேட் போட மாட்டார்கள்.

அந்த ஊர் நிறுவனம் உங்கள் மெசேஜைத் தன் டவரில் ஏற்றிவிட்டதற்கு நம் நிறுவனத்திடம் ஒரு தொகை கேட்கும். எவ்வளவு என்பது இரண்டு நிறுவனங்களும் முன்பே பேசி எழுதி வைத்த ஒப்பந்தம். ஒரு நாட்டு ரூபாயிலோ டாலரிலோ வைத்தால் ஏற்ற இறக்கம் வரும் என்பதால், சர்வதேச நாணய நிதியத்தின் எஸ்டிஆர் என்ற அலகில் இந்தக் கணக்கை வைப்பது வழக்கம். அதற்கு மேல் தன் லாபத்தையும் சேர்த்து நம் நிறுவனம் உங்களுக்கு ஒரு ரேட் போடுகிறது. நாட்டுக்கு நாடு ரேட் மாறுவதற்கும், ஒரே நாட்டில் இன்ன நெட்வொர்க்கில் மட்டும்தான் பேக் செல்லும் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

ப்ரீபெய்டு, போஸ்ட்பெய்டு இரண்டுக்கும் வழி வேறு. ப்ரீபெய்டு என்றால், நீங்கள் அனுப்பு பட்டனைத் தட்டிய அந்த நொடியிலேயே அங்குள்ள நெட்வொர்க் இந்தியாவைக் கேட்கும்: இந்த ஆளிடம் பேலன்ஸ் இருக்கிறதா? இருந்தால் கழித்துக்கொண்டு அனுப்பும், இல்லையென்றால் மெசேஜ் போகாது. இந்தக் கேள்வி பதிலுக்கான ஏற்பாடு இரண்டு நிறுவனங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அது இல்லாத நெட்வொர்க்கில் ப்ரீபெய்டு சிம்மில் சிக்னல் தெரியும், எஸ்எம்எஸ் மட்டும் போகாது. போஸ்ட்பெய்டில் அந்தக் கேள்வியெல்லாம் கிடையாது. அங்குள்ள நிறுவனம் எழுதி வைத்துக்கொண்டு, மொத்தமாக ஒரு ஃபைலாக அனுப்பும். அதனால்தான் ஊர் திரும்பி, மாங்காய் சீசனே முடிந்தபிறகுகூட ஒரு ரோமிங் எஸ்எம்எஸ் பில்லில் எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று. காசு பிடிப்பது மையம் உங்கள் மெசேஜை வாங்கிக்கொண்டதற்கு. எதிராளி போன் ஆஃபாகக் கிடந்து அவருக்குப் போய்ச் சேராவிட்டாலும் கட்டணம் கட்டணம்தான். போகவில்லை போலிருக்கிறது என்று நாலு தடவை தட்டி, நாலையும் மையம் வாங்கிக்கொண்டால் நாலுக்கும் காசு.

உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு? நம் நிறுவனங்கள் ரோமிங்கில் இன்கமிங் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. பேங்க் ஓடிபி, கேஸ் சிலிண்டர் புக்கிங், மின் கட்டண மெசேஜ் எல்லாம் சும்மாவே வரும். வெளியே போவதில்தான் கண் வைக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் ஊரிலேயே முடிக்க வேண்டியவை

சேலத்துக்கான கமலாபுரம் விமான நிலையத்தில் இருந்து வெளிநாட்டுக்கு நேரடி விமானம் கிடையாது. திருச்சி, கோவை, பெங்களூரு, சென்னை என்று எங்காவது போய்த்தான் ஏற வேண்டும். அந்த பஸ் பயணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளி வைக்காதீர்கள். குறைந்தது நாலைந்து நாள் முன்பே தொடங்குங்கள்.

படி 1: உங்கள் நிறுவனத்தின் ஆப்பைத் திறந்து, போகிற நாட்டின் பெயரைப் போட்டு ரோமிங் கட்டணத்தைப் பாருங்கள். கால், டேட்டா எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். எஸ்எம்எஸ் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் சண்டை வந்தால் அதுதான் ஆதாரம். இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு: ஐஎஸ்டி எஸ்எம்எஸ் வேறு, ரோமிங் எஸ்எம்எஸ் வேறு. சேலத்தில் உட்கார்ந்து சிங்கப்பூர் எண்ணுக்கு அனுப்புவது ஐஎஸ்டி, பொதுவாக 5 ரூபாய் அளவில் இருக்கும். சிங்கப்பூரில் உட்கார்ந்து சேலத்துக்கு அனுப்புவது ரோமிங். ஐஎஸ்டி ரேட்டைப் பார்த்துவிட்டு ரோமிங் ரேட் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

படி 2: சர்வதேச ரோமிங் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான எண்களில் அது அடைத்தே இருக்கும், கேட்டால்தான் திறப்பார்கள். ஓடிபி மட்டும் வந்தால் போதும் என்கிறவர்களும் இதைத் திறந்தாக வேண்டும். இல்லையென்றால் அங்கே சிக்னலே வராது.

படி 3: ரோமிங் பேக் போடுகிறீர்கள் என்றால் வெளியே போகும் எஸ்எம்எஸ் எத்தனை, அது முடிந்தபிறகு என்ன ரேட், எந்தெந்த நாடு என்று மூன்றையும் படியுங்கள். துபாய் வழியாக ஐரோப்பா போகிறவருக்கு துபாய் அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். விமானம் மாறும் இடைவேளையில் போன் சும்மா இருக்காது என்பதைக் கீழே சொல்கிறேன்.

படி 4: ப்ரீபெய்டு என்றால் மெயின் பேலன்ஸ் போட்டு வையுங்கள். இப்போதெல்லாம் எல்லோருமே பேக் மட்டும்தான் போடுகிறார்கள், மெயின் பேலன்ஸில் சைபர்தான் இருக்கும். நம்மூரில் அது தெரியாது, பேக்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டில் பேக் இல்லாத எஸ்எம்எஸ்ஸுக்கு இந்த பேலன்ஸ்தான் வேண்டும். டாப்அப் போடும்போது வரியும் செயலாக்கக் கட்டணமும் போக மிச்சம்தான் ஏறும். 10 ரூபாய் போட்டால் 7.47 ரூபாய், 100 போட்டால் 81.75 ரூபாய். சரியாக 100 ரூபாய் வேண்டும் என்று 100-க்குப் போட்டுவிட்டு அப்புறம் கடைக்காரனைத் திட்டாதீர்கள்.

படி 5: சிம் மாற்றுவது, இ-சிம் ஆக்குவது, புதுப் போனுக்கு மாறுவது எதையும் கடைசி நாளில் செய்யாதீர்கள். சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் போகாது, வராது. மோசடிக்காரன் உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கி ஓடிபியைப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தொலைத்தொடர்புத் துறை வைத்த விதி. நல்ல விதிதான். ஆனால் காலையில் சிம் மாற்றிவிட்டு மாலையில் திருச்சியில் விமானம் ஏறுகிறவருக்கு, அங்கே போய் இறங்கி பேங்க் கார்டை உபயோகிக்க ஓடிபி வராது.

படி 6: வேலைக்காகப் போய் வருடக்கணக்கில் இருக்கப் போகிறவர்கள் எண்ணை உயிரோடு வைத்திருக்கும் வழியையும் பார்க்க வேண்டும். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டு வந்தது. வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம். ஓடிபிக்காக மட்டும் சிம்மை வைத்திருப்பவருக்கு அதுவே போதும், மாதா மாதம் டேட்டா பேக் போட்டு வீணாக்க வேண்டாம். எதுவும் போடாமல் அப்படியே விட்டுவிட்டால்? 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டித்துத் தருவார்கள். எண் போய்விட்டால் அது வேறொருவர் கைக்குப் போகும், உங்கள் பேங்க் ஓடிபியும் அவருக்குத்தான் போகும். இதை மட்டும் அசட்டையாக விடாதீர்கள்.

நீங்கள் அனுப்பாமலே போகும் எஸ்எம்எஸ்

ஆரம்பத்தில் சொன்ன பேலன்ஸ் கரையும் கதை இதுதான். யுபிஐ ஆப் ஒன்றை முதல் முறை திறக்கும்போது, "உங்கள் எண்ணைச் சரிபார்க்க எஸ்எம்எஸ் அனுப்பப்படும், வழக்கமான கட்டணம் உண்டு" என்று ஒரு வரி வரும். நாம் படிக்காமல் ஓகே தட்டுவோம். உடனே போனில் இருந்து, எழுத்தும் எண்ணும் கலந்த புரியாத வரி ஒன்று எஸ்எம்எஸ்ஸாகப் போகும். இந்த சிம் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று பேங்குக்கு நிரூபிக்கும் வழி அது. சேலத்தில் இது தினசரி நூறில் ஒன்றாகக் கழிந்துவிடும். வெளிநாட்டில் இந்த எஸ்எம்எஸ்ஸுக்கு ரோமிங் ரேட். பேலன்ஸ் இல்லையென்றால் போகாது, ஆப் "சரிபார்ப்பு தோல்வி" என்று நிற்கும். திரும்பத் திரும்பத் தட்டினால் திரும்பத் திரும்பப் போகும்.

எப்போதெல்லாம் இது நடக்கும் என்றால்: ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டால், புதுப் போன் வாங்கினால், சிம்மைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் மாட்டினால். கடைசியில் சொன்னதுதான் அங்கே போய் எல்லோரும் செய்வது. சிங்கப்பூர் சிம் வாங்குவார்கள், அதை முதல் ஸ்லாட்டில் போட்டு இந்திய சிம்மை இரண்டாவதுக்குத் தள்ளுவார்கள். அத்தனை பேங்க் ஆப்பும் யுபிஐ ஆப்பும் ஒன்றொன்றாக எழுந்து மறுபடி சரிபார்ப்பு கேட்கும். இந்திய சிம்மை ஊரிலேயே இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றி, எல்லா ஆப்பையும் ஒரு தடவை திறந்து சரிபார்ப்பை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போய் முதல் ஸ்லாட் காலியாக இருக்கும், வேலை முடிந்தது.

நீண்ட நாள் இருக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. என்ஆர்இ, என்ஆர்ஓ (வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான பேங்க்) கணக்கு வைத்திருப்பவர்கள் சில வெளிநாட்டு எண்களிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் அனுமதித்தார்கள். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, ஓமன், கத்தார் எல்லாம் அதில் அடக்கம். உங்கள் பேங்கில் கேளுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஐமெசேஜ், ஃபேஸ்டைம் இரண்டும் ஆன் ஆகும்போது போன் சத்தமில்லாமல் ஒரு வெளிநாட்டு எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். உங்கள் மெசேஜ் பட்டியலில் அது தெரியவே தெரியாது. புது சிம் மாட்டினாலோ போனை ரீசெட் செய்தாலோ மறுபடி போகும். இது தவிர, ஐமெசேஜ் போகாவிட்டால் எஸ்எம்எஸ்ஸாக அனுப்பு என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். ஆண்ட்ராய்டிலும் கூகுள் மெசேஜஸில் இதே மாதிரி உண்டு. நெட் இருந்தால் சாட்டாகப் போகும், நெட் இல்லையென்றால் அதுவே எஸ்எம்எஸ்ஸாகப் போகும். வைஃபையை விட்டு வெளியே வந்ததும் இலவச மெசேஜ் காசு மெசேஜாக மாறுவது இப்படித்தான்.

அப்புறம் இரண்டு சிம் போனில், செட்டிங்கில் எஸ்எம்எஸ்ஸுக்கு எந்த சிம் என்று கேட்கும் இடத்தில் அந்த ஊர் சிம்மை வையுங்கள். இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்யுங்கள். இவ்வளவு செய்தால் இந்திய சிம் ஓடிபி வாங்குவதோடு நிற்கும். போன்புக்கில் உள்ள எண்களையெல்லாம் +91 சேர்த்துச் சேமித்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் சிம்மில் இருந்து வெறும் பத்து இலக்கத்துக்கு அனுப்பினால் போகாது.

தமிழில் அனுப்பினால் ரெட்டைக் காசு

ஒரு எஸ்எம்எஸ் என்பது 140 பைட் கொண்ட பெட்டி. ஆங்கில எழுத்து என்றால் அதில் 160 அடங்கும். தமிழ் என்றால் 70 தான். அந்த 70-ம் நாம் எழுத்தை எண்ணுகிற கணக்கில் இல்லை. 'சே' நமக்கு ஒரு எழுத்து, போனுக்கு இரண்டு: 'ச' ஒன்று, கொம்பு ஒன்று. 'ம்' என்பதும் இரண்டு: 'ம' ஒன்று, புள்ளி ஒன்று. 'சேலம்' என்று தட்டினால் ஐந்து கழிந்துவிடும்.

ஒரு மெசேஜை எண்ணிப் பார்க்கலாம்: "அம்மா நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன். ரூம் கிடைச்சிருச்சு. சாப்பிட்டாச்சு. கவலைப்படாதீங்க." பார்க்க ஒன்றரை வரிதான். இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 90 வருகிறது. 70-ஐத் தாண்டியதால் இரண்டு எஸ்எம்எஸ். ஒன்றுக்கு மேல் போனால், துண்டுகளைச் சேர்க்கும் குறிப்புக்குக் கொஞ்சம் இடம் போய், ஒவ்வொரு துண்டிலும் 67 தான் அடங்கும். அம்மா போனில் ஒரே மெசேஜாகச் சேர்ந்து தெரியும், உங்கள் கணக்கில் இரண்டாகக் கழியும். ஒரு பேச்சுக்கு ஒன்று 15 ரூபாய் என்றால் 30. போஸ்ட்பெய்டு என்றால் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 35.40. ரூம் கிடைச்சிருச்சு என்பதோடு நிறுத்தியிருந்தால் 58, ஒன்றிலேயே முடிந்திருக்கும்.

இதையே ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டினால் முழுதும் ஒரே எஸ்எம்எஸ்ஸில் போய்விடும். ஆனால் கடைசியில் ஒரு ஸ்மைலி போட்டீர்கள் என்றால் போச்சு. ஒரே ஒரு இமோஜி இருந்தாலும் மொத்த மெசேஜும் 70 கணக்குக்கு மாறிவிடும். ரூபாய்க் குறியும் அப்படித்தான், ரூ. என்பதை ஆங்கில எழுத்திலேயே போடுங்கள். தமிழுக்கென்று சுருக்கமாக அனுப்பும் முறை ஒன்றைத் தரநிலையில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், போன்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. தமிழில் எழுதுகிறவன் கூடக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதில் எனக்குக் கோபம் உண்டு. இருந்தாலும் நம் அம்மாக்கள் தமிழில் வந்தால்தான் படிப்பார்கள். அதனால் தமிழிலேயே அனுப்புங்கள், சுருக்கமாக அனுப்புங்கள். தட்டும்போது அனுப்பு பட்டன் பக்கத்தில் சின்னதாக எண்ணிக்கை ஓடும், அதைப் பார்த்துக்கொண்டே தட்டுங்கள்.

விமானத்திலும் இறங்கியதும்

விமானம் ஏறியதும் ஃப்ளைட் மோட். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. சில விமானங்களுக்குள்ளேயே ஒரு குட்டி டவர் இருக்கிறது. மேலே போனதும் போன் அதைப் பிடித்துக்கொள்ளும். அங்கே இருந்து போகும் எஸ்எம்எஸ்ஸுக்குத் தனி ரேட், சாதாரண ரோமிங்கை விட அதிகம், நாட்டுப் பேக் அதற்குச் செல்லாது. சொகுசுக் கப்பலிலும் இதே கதை. விமானம் மாறும் ஊரிலும் ஃப்ளைட் மோடிலேயே இருந்துகொண்டு ஏர்போர்ட் வைஃபையில் வாட்ஸ்அப் பாருங்கள். துபாயில் வாட்ஸ்அப் கால் போகாது, மெசேஜ் போகும், அது போதும்.

இறங்கி ஃப்ளைட் மோடை எடுத்ததும் வரவேற்பு மெசேஜ் வரும். அதில் அந்த நாட்டுக் கட்டணம் இருக்கும், எஸ்எம்எஸ் ரேட் உட்பட. நீங்கள் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். அழிக்க வேண்டாம்.

ஐரோப்பா போகும் மாணவர்கள் ஒரு விஷயம் கேள்விப்பட்டிருப்பார்கள்: அங்கே ரோமிங்கே இலவசம் என்று. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங்குக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அது அந்த நாட்டு சிம்முக்கு. ஜெர்மனி சிம்மோடு பிரான்ஸ் போனால் உள்ளூர் கணக்கு. நம் சிம்மோடு போனால் நம் ரேட்.

வைஃபை காலிங் (டவருக்குப் பதில் வைஃபை மூலம் சிம் எண் வேலை செய்யும் வசதி) வழியாக எஸ்எம்எஸ் அனுப்பினால் இந்தியக் கட்டணமா, ரோமிங் கட்டணமா என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கஸ்டமர் கேரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பில் அதிகமாக வந்தால்

போஸ்ட்பெய்டு பில்லில் ரோமிங் தனிப் பகுதியாக இருக்கும். விவரமான பில்லைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸும் எந்த எண்ணுக்குப் போனது என்று பாருங்கள். நேரம் அந்த நாட்டுக் கணக்கில் இருக்கலாம்; சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னே, துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னே. தெரியாத எண் என்றால் முதலில் யுபிஐ, ஐமெசேஜ் இரண்டையும் சந்தேகப்படுங்கள்.

அப்படியும் கணக்கு இடித்தால் உங்கள் நிறுவனத்தின் புகார் எண்ணான 198-க்குப் போன் செய்து புகார் கொடுத்து, புகார் எண்ணை எழுதி வையுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேல் போக வேண்டும் என்றால் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டெலிகாம் வழக்கை நுகர்வோர் மன்றம் எடுக்கக் கூடாது என்று நிறுவனங்கள் வாதாடிக்கொண்டிருந்தன. எடுக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நூறு, இருநூறு ரூபாய்க்கு யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள் என்பது வேறு விஷயம். பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டோடு மேல்முறையீடு போனாலே பேச்சு மாறும்.

வெளிநாட்டிலிருந்து ஏற்காடு வருகிறவர்களுக்கு

கோடை விழா சமயத்தில் சொந்தக்காரர்கள் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து ஏற்காட்டில் தங்குவார்கள். அவர்களுக்கும் இதே கணக்குதான், தலைகீழாக. அவர்கள் சிம் நம் டவரில் நிற்கிறது, எனவே ரேட் போடுவது அவர்கள் நிறுவனம். நம் டிராய் வைத்த உச்சவரம்பு எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. இன்கமிங் எஸ்எம்எஸ் இலவசமா என்பதையும் அங்கேயே கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். இங்கே வந்து நம் சிம் வாங்க வேண்டும் என்றால் பாஸ்போர்ட், விசா நகலோடு வர வேண்டும்.

மலையில் இன்னொரு சிக்கல் சிக்னல். லேடீஸ் சீட் பக்கம் நன்றாக இருக்கும், கிளியூர் அருவிக்கு இறங்கினால் போய்விடும். எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு கோடு சிக்னல் போதும், நெட் வராத இடத்தில்கூட வரும். ஆனால் சிக்னலே இல்லாத நேரத்தில் வந்த ஓடிபி மையத்தில் காத்திருந்து, நீங்கள் மேலே ஏறி வந்ததும் விழும். அதற்குள் அதன் ஆயுள் முடிந்திருக்கும். மறுபடி கேட்டு வாங்க வேண்டும். பேங்க் வேலை, டிக்கெட் புக்கிங் எல்லாவற்றையும் கீழே சேலத்திலேயே முடித்துவிட்டு மலை ஏறச் சொல்லுங்கள்.